பழைய கைப்பேசியும் உலாவியின் எஞ்சினும்

தேய்ந்துபோன கருவியை மாற்றுவது சிக்கனத்திற்கு விரோதமன்று. தேயாத கருவியைத் தேய்ந்துவிட்டதென்று எண்ணி எறிவதே விரயம். அச்சில் ஒரு பல் வளைந்ததற்காகத் தறியை விறகாக்கும் நெசவாளர் இல்லை. வாஷர் தேய்ந்ததற்காகப் பம்பையே தூக்கி எறியும் விவசாயியும் இல்லை. ஆனால் கைப்பேசி விஷயத்தில் நம் அங்கத்தினர்களிற் பலர் அப்படித்தான் செய்ய நேரிடுகிறது. பேச்சு நன்றாகக் கேட்கிறது. பாட்டரி மாலை வரை நிற்கிறது. கண்ணாடியில் கீறலும் இல்லை. ஆயினும் சிட்டா நகல் பார்க்கத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானது அன்று என்ற எச்சரிக்கை வருகிறது. நூல் விலையோ சந்தை நிலவரமோ பார்க்கப் போனால் வெறும் வெள்ளைத் திரை நிற்கிறது. “போன் பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்” என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் பல வாரக் கூலி அந்த ஒரு சொல்லில் போய்விடுகிறது.

இத்தகைய கைப்பேசிகளுட் பலவற்றில் பழுதானது கைப்பேசி அன்று. வலைப்பக்கத்தை வாங்கித் திரையில் தீட்டிக் காட்டும் உள்ளுறுப்பு ஒன்று காலத்தால் பின்தங்கிவிட்டது, அவ்வளவே. அவ்வுறுப்பை மட்டும் மாற்றுதல் கூடுமா, எந்தக் கைப்பேசியில் கூடும், எதில் கூடாது, மாற்றிய பின்னர் அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

உலாவி வேறு, எஞ்சின் வேறு

வலைப்பக்கங்களைப் பார்க்க உதவும் செயலியை உலாவி என்கிறோம். கடைவீதியில் பிரவுசர் என்று வழங்கும். குரோம், ஃபயர்பாக்ஸ், ஓபரா, எட்ஜ், சஃபாரி ஆகியவை உலாவிகளின் பெயர்கள். நம் கண்ணுக்குத் தெரிவன, முகவரி எழுதும் கட்டம், பின்னே செல்லும் அம்புக்குறி, விரும்பிய பக்கங்களைக் குறித்துவைக்கும் பட்டியல் முதலியவையே. இவற்றுக்குள்ளே மறைந்து நின்று வேலை செய்யும் பகுதிக்கு உலாவி எஞ்சின் என்று பெயர்.

வலைப்பக்கம் தொலைவிலுள்ள கணினியிலிருந்து முழுப் படமாக வந்து சேர்வதில்லை. எழுத்தாலான குறிப்புகளாக வருகிறது. அக்குறிப்புகள் மூவகைப்படும். பக்கத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதைச் சொல்வது எச்.டி.எம்.எல். அவை எந்த நிறத்தில், எந்த அளவில், எவ்விடத்தில் அமையவேண்டும் என்பதைச் சொல்வது சி.எஸ்.எஸ். பொத்தானை அழுத்தினால் என்ன நிகழவேண்டும், கணக்கை எப்படிக் கூட்டவேண்டும் என்பன போன்ற கட்டளைகளைத் தாங்கி வருவது ஜாவாஸ்கிரிப்ட். நெசவாளருக்கு இதனை எளிதில் விளக்கலாம். பாவும் ஊடையும் எச்.டி.எம்.எல். போன்றவை, ஜக்கார்டுப் பெட்டியில் ஏற்றும் அட்டைகள் சி.எஸ்.எஸ். போன்றவை, நெய்யும்போதே “இந்த அட்டையை விடு, அந்த அட்டையை ஏற்று” என்று சொல்லும் கட்டளை ஜாவாஸ்கிரிப்ட். இவை யாவற்றையும் ஏற்று, துணியாக்கித் தரும் தறியே எஞ்சின்.

ஒரே தறியில் நெய்த சேலைகளுக்கு இரண்டு கடைகள் தத்தம் முத்திரையைக் குத்தி விற்றால், முத்திரை மாறியதனால் நெசவு மாறிவிடுவதில்லை. உலாவிகளின் நிலையும் இதுவே. பெயர் பத்தாக இருப்பினும் உள்ளிருக்கும் எஞ்சின்கள் மிகச் சிலவே. ஓர் உலாவியில் திறக்காத பக்கம் வேறோர் உலாவியிலும் திறக்கவில்லையென்று சோர்ந்து போகும் அங்கத்தினர், எஞ்சினை மாற்றாமல் முத்திரையை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கலாம்.

எஞ்சின்களின் குடிவழி

இன்று பெருவழக்கில் உள்ள எஞ்சின்கள் மூன்று: பிளிங்க், வெப்கிட், கெக்கோ. இவற்றின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

1990களின் இறுதியில், லினக்ஸ் கணினிகளுக்காக கே.டி.இ. என்ற திட்டத்தில் கூடி உழைத்த தன்னார்வத் தொண்டர்கள் கே.எச்.டி.எம்.எல். என்னும் எஞ்சினை உருவாக்கினர். அதன் மூல நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டனர். ஆப்பிள் நிறுவனம் அதனை எடுத்து வளர்த்து, 2003ஆம் ஆண்டு ஜனவரியில் சஃபாரி உலாவியை வெளியிட்டது. அவ்வாறு வளர்ந்ததே வெப்கிட். கூகுள் நிறுவனம் 2008இல் குரோம் உலாவியை வெளியிட்டபோது அதே வெப்கிட்டை உபயோகித்தது. 2013 ஏப்ரலில் அதிலிருந்து தனியே பிரிந்து பிளிங்க் என்று பெயரிட்டுக்கொண்டது. ஆகவே வெப்கிட்டும் பிளிங்கும் ஒரு தாய் வயிற்றுக் கிளைகளே. அத்தாய், ஊதியம் கருதாத தொண்டர்களின் பொது உழைப்பு என்பதைக் கூட்டுறவாளராகிய நாம் மறக்கலாகாது.

கெக்கோவின் வழி வேறு. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998இல் தன் உலாவியின் மூல நிரலை உலகுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து மொஜில்லா என்ற அமைப்பு தோன்றியது. அவ்வமைப்பு 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் உலாவியின் முதற் பதிப்பை வெளியிட்டது. அதன் எஞ்சின் கெக்கோ. மொஜில்லா இலாபம் கருதாத அறநிறுவனத்தின் உடைமை.

முன்பு வேறு எஞ்சின்களும் இருந்தன. நார்வே நாட்டு ஓபரா நிறுவனத்திற்குப் பிரெஸ்டோ என்ற சொந்த எஞ்சின் இருந்தது. 2013இல் அதனைத் தன் உலாவிகளில் கைவிட்டு, கூகுள் எஞ்சினின் பக்கம் சென்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2018 டிசம்பரில் தன் எஞ்சினை விடுவதாக அறிவித்து, 2020 ஜனவரியில் பிளிங்கின் மேல் அமைந்த எட்ஜ் உலாவியை வெளியிட்டது. இன்று குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இண்டர்நெட் ஆகிய யாவும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிளிங்கையே சார்ந்தவை. அக்கைப்பேசிகளில் பிளிங்குக்கு மாற்றாகத் தொடர்ந்து பராமரிக்கப்பட்டு வரும் பெரிய எஞ்சின் கெக்கோ ஒன்றே எனலாம்.

எஞ்சின் பின்தங்குவது ஏன்?

இரும்பைப்போல மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த உலகம் நகர்ந்துவிடுவதே அது பின்தங்குவதற்குக் காரணம். இது மூன்று வகையில் நிகழ்கிறது.

முதலாவது, வலைப்பக்கம் எழுதுவோர் புதிய குறியீடுகளைக் கையாளத் தொடங்குகின்றனர். பழைய எஞ்சினுக்கு அவை விளங்குவதில்லை. எச்.டி.எம்.எல்.லிலோ சி.எஸ்.எஸ்.ஸிலோ விளங்காத சொல் வந்தால் எஞ்சின் அதை விட்டுவிட்டு மேலே செல்லும். பக்கம் சற்றுக் கோணலாகத் தெரியும், ஆனால் படிக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் விளங்காத தொடர் வந்தாலோ, அந்த நிரல் முழுவதையும் எஞ்சின் தள்ளிவிடும். பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டே கொணர்ந்து நிரப்புவதாயிருந்தால் மிஞ்சுவது வெள்ளைத் திரைதான்.

இரண்டாவது, பாதுகாப்புச் சான்றிதழ். நாம் திறக்கும் பக்கம் உண்மையில் அந்த அலுவலகத்தினுடையதுதானா, இடையில் எவரேனும் வேடமிட்டு நிற்கின்றனரா என்பதை உலாவி சோதிக்கிறது. ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழ் காட்டவேண்டும். அதில் நம்பத்தக்க அதிகாரியின் கையொப்பம் இருக்கவேண்டும். நம்பத்தக்க அதிகாரிகள் யாவர் என்ற பட்டியல் கைப்பேசியிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும். கைப்பேசி விற்பனையான பின் புதிய அதிகாரி தோன்றினால், பழைய பட்டியலில் அவர் பெயர் இராது. சான்றிதழ் செல்லாது என்று உலாவி மறுத்துவிடும்.

மூன்றாவது, எஞ்சினில் காணப்படும் ஓட்டைகள். எந்த எஞ்சினிலும் குறைகள் உண்டு. தீயோர் அவற்றின் வழியே புகுந்து தகவலைத் திருட முயல்வர். பராமரிப்பாளர் அவ்வப்போது அடைத்து வருகின்றனர். பராமரிப்பு நின்ற எஞ்சினில் ஓட்டை தெரிந்தாலும் அடைப்பார் இல்லை.

பட்டியலில் பெயரில்லாமையால் நேர்ந்தது

இரண்டாவது காரணத்தை மெய்யான நிகழ்ச்சி ஒன்றால் விளக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்பது வலைத்தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும், இலாபம் கருதாத அமைப்பு. 2015இல் தொடங்கிய அதன் சான்றிதழ்களைக் கோடிக்கணக்கான தளங்கள் உபயோகித்து வருகின்றன. புதிய அமைப்பாதலின், தொடக்கத்தில் அது வேறொரு பழைய அதிகாரியின் கையொப்பத்தைத் துணையாகக் கொண்டது. அந்தப் பழைய அதிகாரியின் மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30ஆம் நாள் காலாவதியாக இருந்தது.

லெட்ஸ் என்கிரிப்டின் சொந்தக் கையொப்பம் ஆண்ட்ராய்டு 7.1.1 முதற்கொண்டுதான் பட்டியலில் ஏறியிருந்தது. அதற்கு முற்பட்ட கைப்பேசிகள் அதனை அறியா. 2020 நவம்பரில் அவ்வமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் இயங்கிய ஆண்ட்ராய்டு சாதனங்களில் 33.8 சதவிகிதம் இவ்வாறு பழையவை. மூன்றில் ஒரு பங்கு மக்களுக்குப் பல தளங்கள் ஒரே நாளில் மூடிக்கொள்ளும் அபாயம் இருந்தது.

அப்போது அவ்வமைப்பு பழைய கைப்பேசி வைத்திருப்போருக்குக் கூறிய யோசனை, ஃபயர்பாக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள் என்பதே. காரணம் இது: அக்காலத்தில் ஆண்ட்ராய்டில் குரோம் உலாவி, கைப்பேசியின் அமைப்பில் உள்ள பட்டியலையே நம்பியிருந்தது. ஃபயர்பாக்ஸோ தன் சொந்த எஞ்சினுடன் நம்பத்தக்க அதிகாரிகளின் சொந்தப் பட்டியலையும் சுமந்து வருகிறது. கைப்பேசி பழையதாயினும், அதன்மேல் ஏற்றிய உலாவி புதிதாகையால் சான்றிதழ் செல்லுபடியாயிற்று. பின்னர் பழைய அதிகாரியின் துணைக் கையொப்பத்தை மேலும் சில ஆண்டுகள் நீட்டிக்க வழி கண்டனர். அந்தத் தவணையும் 2024 செப்டம்பர் 30ஆம் நாளுடன் முடிந்தது.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று. கைப்பேசியின் உடலோடு பிணைக்கப்படாமல், தனியே கழற்றி மாட்டத்தக்க எஞ்சின் ஒன்று இருந்தால், கைப்பேசியின் ஆயுள் சில ஆண்டுகள் நீள்கிறது.

உடலோடு பிணைந்த எஞ்சின்

எல்லாக் கைப்பேசிகளுக்கும் இந்த வாய்ப்பு இல்லை. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் எந்த உலாவியும் வெப்கிட்டையே உபயோகிக்கவேண்டும் என்பது அந்நிறுவனத்தின் நெடுநாளைய விதி. ஐபோனில் குரோம் என்று பெயரிட்டு வருவதும், ஃபயர்பாக்ஸ் என்று பெயரிட்டு வருவதும் வெப்கிட்டின் மேல் போர்த்திய போர்வைகளே. வெப்கிட் கைப்பேசியின் அமைப்போடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும். 2013இல் வந்த ஐபோன் 5எஸ், 2014இல் வந்த ஐபோன் 6 ஆகியவற்றுக்கு, 2019இல் வெளியான ஐஓஎஸ் 13 அளிக்கப்படவில்லை. அவற்றில் எந்த உலாவியை நிறுவினாலும் எஞ்சின் ஐஓஎஸ் 12இன் காலத்தோடு நின்றுவிட்டதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தை முன்னிட்டு, 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் அந்நாடுகளில் மட்டும் வேறு எஞ்சினுக்கு இடமளிக்கப்பட்டது. ஆனால் அந்த அனுமதி புதிய அமைப்பை ஏற்கும் ஐபோன்களுக்கே உரியது. மாற்று எஞ்சின் மிகுதியும் வேண்டியிருக்கும் பழைய ஐபோன்களை அது எட்டவில்லை.

நம் நாட்டிலேயே வேறோர் உதாரணம் உண்டு. 2017இல் ஜியோ நிறுவனம் வெளியிட்ட பொத்தான் கைப்பேசியில் காய்ஓஎஸ் என்னும் அமைப்பு இருந்தது. மொஜில்லா முன்பு கைவிட்ட ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் என்பதன் வழித்தோன்றல் அது. அதில் இயங்கியது கெக்கோவின் 48ஆம் பதிப்பு. அப்பதிப்பு 2016இல் வந்தது. 512 மெகாபைட் நினைவகத்தில் வலைப்பக்கம் காட்டியது அரிய சாதனைதான். ஆயினும் அங்கே எஞ்சினும் அமைப்பும் ஒன்றே. வாங்கியவர் எஞ்சினை மட்டும் தாமே மாற்றிக்கொள்ள வழியில்லை. பிளிங்க் அல்லாத எஞ்சினாயிருந்தும், கழற்ற முடியாமையால் அது அப்படியே மூப்படைந்தது. ஆகவே எஞ்சின் வேறாயிருத்தல் மட்டும் போதாது. தனியே புதுப்பிக்கத்தக்கதாயும் இருக்கவேண்டும்.

ஆண்ட்ராய்டில் 2014இல் வந்த 5.0 பதிப்பு ஒரு நல்ல மாற்றத்தைச் செய்தது. பிற செயலிகள் தம்முள்ளே வலைப்பக்கம் காட்டுவதற்கு உபயோகிக்கும் வெப்வியூ என்ற பகுதி, அதற்கு முன் அமைப்போடு பிணைந்திருந்தது. 5.0 முதல் அது தனியே புதுப்பிக்கத்தக்கதாயிற்று.

எந்தக் கைப்பேசிக்கு எது தகும்?

அங்கத்தினர்கள் முதலில் தங்கள் கைப்பேசியின் பதிப்பை அறிந்துகொள்ளவேண்டும். அமைப்புகள் என்ற பகுதியைத் திறந்து, கடைசியில் உள்ள “தொலைபேசி பற்றி” என்பதை அழுத்தினால் ஆண்ட்ராய்டு பதிப்பின் எண் தெரியும். அத்துடன் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்றும் பார்த்துவிடுக. பாட்டரி முற்றிலும் இறங்கிப்போய்த் தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால், நல்ல சான்றிதழும் செல்லாததுபோலத் தோன்றும். காசு செலவில்லாமல் தீரும் கோளாறு இது.

ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேற்பட்டது. இதற்கு மாற்று எஞ்சின் தேடவேண்டிய அவசியம் இல்லை. குரோமையும் “ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ” என்பதையும் பிளே ஸ்டோரில் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

ஆண்ட்ராய்டு 8, 9. மாற்று எஞ்சினால் மிகுந்த பயன் அடைவன இவையே. குரோம் தன் 138ஆம் பதிப்புடன் 2025இல் இவற்றை விட்டுவிட்டது. 139ஆம் பதிப்புக்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். ஃபயர்பாக்ஸோ 2025 அக்டோபரில் வந்த 144ஆம் பதிப்பிலும் ஆண்ட்ராய்டு 8 வரை இடமளித்தது. ஆகவே இக்கைப்பேசிகளில் ஃபயர்பாக்ஸை நிறுவினால், பராமரிப்பில் உள்ள எஞ்சின் கிடைக்கிறது. மேலும், ஆண்ட்ராய்டு குரோமில் இல்லாத ஒரு வசதி ஃபயர்பாக்ஸில் உண்டு. யூபிளாக் ஆரிஜின் முதலிய துணை நிரல்களைச் சேர்த்து விளம்பரங்களை நிறுத்திவிடலாம். விளம்பரங்கள் நீங்கினால் இறங்கும் டேட்டாவும் குறையும். நினைவகம் குறைந்த கைப்பேசி மூச்சுத் திணறாமலும் இருக்கும்.

ஆண்ட்ராய்டு 5, 6, 7. குரோம் இவற்றை 2021 முதல் 2023 வரை ஒவ்வொன்றாக விட்டது. ஃபயர்பாக்ஸ் மட்டும் 2025 வரை இவற்றுக்குத் துணைநின்று, 144ஆம் பதிப்பில் விடைபெற்றது. இவற்றுக்குக் கிடைக்கும் கடைசி ஃபயர்பாக்ஸ் இன்றும் பல பக்கங்களைத் திறக்கும். அதன் பட்டியலில் முற்கூறிய அதிகாரியின் பெயரும் உண்டு. ஆயின் இனி அதன் ஓட்டைகளை அடைப்பாரில்லை. செய்தி, வானிலை, விலை நிலவரம் முதலியன படிக்க வைத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் எழுதும் எந்த வேலைக்கும் ஆகாது.

ஆண்ட்ராய்டு 4 அல்லது அதற்கு முற்பட்டது. இவற்றுக்கான ஃபயர்பாக்ஸ் 68ஆம் பதிப்புடன் 2020இலேயே நின்றுவிட்டது. பேசவும், பாட்டுக் கேட்கவும், அலாரம் வைக்கவும் உதவும். வலைப்பக்கத்திற்கு இதனை நம்பற்க.

கைதேர்ந்தோர் செய்யத்தக்க வேறொரு வழியும் உண்டு. பழைய அமைப்பையே நீக்கி, லினியேஜ்ஓஎஸ் போன்ற பொது உழைப்பால் உருவான அமைப்பை ஏற்றினால், அதே கைப்பேசி புதிய ஆண்ட்ராய்டாக இயங்கக்கூடும். எல்லா மாதிரிகளுக்கும் இது கிடைப்பதில்லை. தவறினால் கைப்பேசி கல்லாய்ப் போவதும் உண்டு. உள்ளிருக்கும் படங்களும் எண்களும் அழிந்துவிடும். ஆதலின் விஷயம் அறிந்தவர் துணையின்றி இதில் இறங்கவேண்டாம்.

தொலைவில் நெய்து அனுப்பும் முறை

கைப்பேசியில் எஞ்சினே சிறிதாக, வேலை முழுவதும் வேறிடத்தில் நடக்கும் முறையும் ஒன்றுண்டு. 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியான ஓபரா மினி இம்முறையால் புகழ்பெற்றது. நாம் கேட்கும் பக்கத்தை நிறுவனத்தின் சர்வர் கணினி வாங்கி, அங்கேயே எஞ்சினில் இட்டுத் தீட்டி, சுருக்கிக் கைப்பேசிக்கு அனுப்பும். இதனால் பத்தில் ஒரு பங்காகவும் டேட்டா குறையக்கூடும் என்று நிறுவனம் கூறியது. சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலும் இணையம் காண முடிந்தது இதனாலேதான்.

பாவைச் சங்கத்தில் ஓட்டி, வீட்டில் நெய்வது போன்ற சௌகரியம் இது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பக்கத்தை இடையிலுள்ள சர்வர் பிரித்துப் படித்த பிறகே நமக்கு வருகிறது. வங்கிக்கும் நமக்கும் மட்டும் தெரியவேண்டிய செய்தியை மூன்றாமவரும் படிக்கக்கூடிய நிலை அது. மிகச் சுருக்கும் முறையில் வைத்துச் செய்தி படிக்கலாம், பணக்கணக்குப் பார்க்கலாகாது.

மாற்று எஞ்சினால் ஆகாதவை

புதிய எஞ்சின் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் மூன்று விஷயங்களை மறக்கலாகாது.

ஒன்று, எஞ்சின் புதியதாயினும் அதன் கீழுள்ள ஆண்ட்ராய்டு பழையதே. மேற்கூரையை மாற்றியதால் கீழ்ச்சுவரின் விரிசல் அடைபடாது. ஆகவே பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசியில் வங்கிச் செயலி, பணம் அனுப்பும் செயலி ஆகியவற்றை வைக்கவேண்டாம் என்பதே நம் யோசனை. வங்கி வேலைக்குக் குடும்பத்தில் ஒரு நல்ல கைப்பேசியும், படிப்பதற்கும் பார்ப்பதற்கும் பழைய கைப்பேசியும் என்று பிரித்துக்கொள்வது உத்தமம்.

இரண்டு, ஃபயர்பாக்ஸை நிறுவினால் ஃபயர்பாக்ஸ் மட்டுமே மாறும். மற்றச் செயலிகள் பல, தம்முள் பக்கம் காட்டுவதற்குப் பழைய வெப்வியூவையே அழைக்கும். ஒரு செயலிக்குள் திறக்காத பக்கத்தின் முகவரியைப் பிரதியெடுத்து, ஃபயர்பாக்ஸில் ஒட்டித் திறந்து பார்க்கலாம்.

மூன்று, பழைய கைப்பேசிக்கென்று சிறப்பாகத் தயாரித்தது என்று சொல்லி, தெரியாதவர் அனுப்பும் ஏ.பி.கே. கோப்பை ஒருபோதும் ஏற்றலாகாது. வலையில் உலவும் வழிப்பறிக்காரருக்கு இது நல்ல தூண்டில். பிளே ஸ்டோரில் கிடைப்பதை மட்டும் கொள்க.

தறிகள் குறைந்தால்

எஞ்சின்களின் எண்ணிக்கை குறைந்துவருவது பற்றி நாம் கவலைகொள்ளக் காரணம் உண்டு. ஊரிலுள்ள நூல் முழுவதையும் ஒரே வியாபாரி வைத்திருந்தால் விலையும் தரமும் அவர் சொன்னபடியே என்பதை நெசவாளருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. எந்த ஆண்டில் எந்தக் கைப்பேசியைக் கைவிடுவது என்பதை ஒரே எஞ்சினின் உரிமையாளர் முடிவு செய்தால், மற்றவர்க்கு மாற்று வழி இராது. குரோம் கைவிட்ட பின்னரும் ஆண்ட்ராய்டு 7க்கு ஏறத்தாழ இரண்டாண்டுகளும், ஆண்ட்ராய்டு 5க்கு நான்காண்டுகளும் கிடைத்தன என்றால், வேறோர் எஞ்சினைப் பராமரிக்கும் கைகள் இருந்தமையே காரணம்.

அக்கைகளின் நிலையும் உறுதியானதன்று. மொஜில்லாவின் வருவாயில் பெரும்பங்கு, தேடுபொறியாகத் தன்னை முன்வைப்பதற்குக் கூகுள் அளிக்கும் தொகையே. போட்டியாளரின் காசில் நடக்கும் தறி என்று சொல்லலாம். புதிய முயற்சிகளும் தோன்றியுள்ளன. 2012இல் மொஜில்லாவின் ஆராய்ச்சிப் பிரிவில் தொடங்கிய செர்வோ என்னும் எஞ்சின், 2020இல் லினக்ஸ் அறக்கட்டளையின் அரவணைப்புக்கு வந்தது. லேடிபேர்ட் என்னும் எஞ்சினுக்காக 2024இல் இலாபம் கருதாத அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. இவை இன்னும் முதிரவில்லை. இன்றைய பழைய கைப்பேசிக்கு உதவும் நிலைக்கு வரவில்லை. எனினும் எஞ்சின் செய்வது ஒரு சில பெரு நிறுவனங்களுக்கே கூடும் என்ற எண்ணத்தை இம்முயற்சிகள் அசைத்திருக்கின்றன.

சங்கங்கள் செய்யவேண்டுவது

பழைய கைப்பேசி வைத்திருப்பவர் எஞ்சினை மாற்றிக்கொள்வது ஒரு பாதி. பக்கம் எழுதுவோர் பழைய எஞ்சினுக்கும் விளங்கும்படி எழுதுவது மற்றப் பாதி. இரண்டாம் பாதி சங்கங்களின் கையில் இருக்கிறது.

பல சங்கங்கள் இப்போது தமக்கென வலைப்பக்கம் வைத்துள்ளன. அதில் கூலி விகிதம், நூல் வழங்கும் நாள், கொள்முதல் விலை, மகாசபை அறிவிப்பு முதலியவற்றை வெளியிடுகின்றன. இவற்றைப் படம் பிடித்து ஒட்டுவதைக் காட்டிலும் எழுத்தாகவே இடுக. ஒரு கணக்குப் பார்ப்போம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் இடம் கொள்ளும். 2,000 குறியீடுகள் கொண்ட அறிவிப்பு 6,000 பைட் அளவே ஆகும். அதே அறிவிப்பைக் காகிதத்தில் அச்சிட்டுக் கைப்பேசியால் படம் பிடித்தால் 30 லட்சம் பைட் ஆவது சாதாரணம். ஐந்நூறு மடங்கு பாரம். எழுத்தை எந்தப் பழைய எஞ்சினும் காட்டும்; பார்வை குறைந்தோர் பெரிதாக்கிப் படிக்கலாம்; கைப்பேசி வாசித்துக் காட்டவும் கூடும்.

பக்கத்தின் உயிரான செய்தியை எச்.டி.எம்.எல்.லிலேயே எழுதிவிட்டு, அழகுக்கும் வசதிக்கும் மட்டும் மற்றவற்றைச் சேர்க்கும்படி பக்கம் செய்து தருபவரிடம் நிர்வாகக் குழுவினர் கேட்கவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் விலைப்பட்டியல் தெரியவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். வேலையை ஏற்றுக்கொள்ளுமுன், அங்கத்தினர்களிடமுள்ள கைப்பேசிகளில் மிகப் பழையதை வாங்கி அதில் திறந்து பார்க்கவேண்டும். புதிய கைப்பேசியில் அழகாகத் தெரிவது பரீட்சை ஆகாது.

மகாசபை கூடும் நாளில் ஒரு மேசை போட்டு, கைப்பேசி விவரம் அறிந்த இளைஞர் இருவரை அமர்த்தி, அங்கத்தினர்களின் கைப்பேசிப் பதிப்பைப் பார்த்துச் சொல்லச் செய்யலாம். 8, 9 பதிப்பு உடையவர்களுக்கு ஃபயர்பாக்ஸை நிறுவித் தரலாம். அதற்குக் கீழ்ப்பட்டவை வைத்திருப்போருக்கு, பணம் பற்றிய வேலைகளை அதில் செய்யவேண்டாம் என்று எடுத்துச் சொல்லலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒருவர் புதுக் கைப்பேசி வாங்குவதை ஓராண்டு தள்ளிப் போட்டாலும் அத்தொகை அவர் வீட்டில் தங்கும். விதைக்கோ நூலுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ உதவும்.

புதியது வாங்கவே கூடாதென்று நாம் கூறவில்லை. வாங்க நேர்ந்தால், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்று கடையில் கேட்டு வாங்குக. விலையில் குறைந்து இரண்டாண்டில் கைவிடப்படுவதைக் காட்டிலும், சற்று விலை கூடினும் நெடுநாள் பராமரிப்பு உள்ளதே மலிவு. உள்ளதை அதன் முழு ஆயுள் வரை பயன்படுத்துவதும், ஆயுள் முடிந்ததை முடிந்ததென்று அறிந்து அதனிடம் பணத்தை ஒப்படையாமல் இருப்பதும் ஆகிய இரண்டையும் அங்கத்தினர்கள் ஒருங்கே கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.